தெரிந்த பதிலை நான் ஏன் சொல்லவில்லை? தொலைக்காட்சி வினாடி வினாவும் நமது மாணவர்களும்

கண்டி, கட்டுக்கலை. பிள்ளையார் கோயிலுக்குச் சற்று மேலே, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டு மாடி அறை. சனிக்கிழமை காலை ஒன்பது மணி. மேசையில் நான்கு பொத்தான்கள் இருக்கின்றன. வீட்டு வாசலில் பொருத்தும் அழைப்புமணிப் பொத்தான்களையே வாங்கி, ஒரு பலகையில் பூட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார் அவர். யார் முதலில் அழுத்துகிறாரோ அவருடைய விளக்கு மட்டும் எரியும். அடுத்த கணமே மற்ற மூன்று பொத்தான்களும் செயலற்றுப் போகும்.

மேசையின் மறுபுறம் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு பேர். ஹட்டனிலிருந்து ஒருவர், அக்குறணையிலிருந்து ஒருவர், மட்டக்களப்பிலிருந்து ஒருவர், கிளிநொச்சியிலிருந்து ஒருவர். தொலைக்காட்சி வினாடி வினா ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். தேர்வு இன்னும் முடியாததால் தங்களது பெயரையும் அலைவரிசையின் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

"கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இயற்பெயர் என்ன?"

ஹட்டன் மாணவரின் விளக்கு எரிந்தது. "கண்ணுசாமி, சேர்."

"அவர் பிடிபட்ட பிறகு எந்தக் கோட்டையில் வைக்கப்பட்டார்?"

"வேலூர்." இது அக்குறணை.

"பேராதனையில் உங்களுடைய விடுதிகளில் ஒன்றுக்கு இவருடைய பெயர். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர். யார்?"

ஐந்து விநாடிகள் போயின. எந்த விளக்கும் எரியவில்லை. "அருணாசலம், சேர் பொன்னம்பலம் அருணாசலம்" என்று ஆசிரியரே சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுத்தார்.

இடைவேளையில் தேநீர் குடிக்கும்போது கிளிநொச்சி மாணவி என் பக்கத்தில் வந்து நின்றார். "அது எனக்குத் தெரியும் அக்கா. அமத்தேல்லை."

"ஏன்?"

"பிழைச்சிட்டா எண்டு."

அந்த விடை எனக்குப் புதிதல்ல. 2011இல் நானும் இப்படித்தான், கெமராவுக்கு முன்னால், தெரிந்த பதிலைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். இந்தப் போட்டிகள் எங்கிருந்து வந்தன, எப்படி நடக்கின்றன, போரைக் கண்ட வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அங்கே என்ன நடக்கிறது என்பதை ஒரே இடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

போட்டியின் பிறப்பு

கல்லூரி அணிகள் மோதும் வினாடி வினாவின் முன்னோடி அமெரிக்காவின் 'காலேஜ் போல்'. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைவீரர்களின் பொழுதுபோக்கு நிலையங்களில் விளையாடப்பட்ட ஒரு கேள்வி விளையாட்டை டொன் ரீட் என்பவர் போட்டியாக உருவாக்கினார். 1953இல் வானொலியிலும் 1959இல் தொலைக்காட்சியிலும் அது வந்தது. 1970 வரை ஓடியது.

அதன் வடிவத்தை எடுத்துக்கொண்டு பிரித்தானியாவில் கிரனாடா தொலைக்காட்சி 1962 செப்டெம்பர் 21இல் 'யூனிவர்சிட்டி சலேஞ்ச்' நிகழ்ச்சியைத் தொடங்கியது. பாம்பர் காஸ்கோயின் 1987 வரை கேள்வி கேட்டார். 1994இல் பிபிசி அதை ஜெரமி பக்ஸ்மனுடன் மீண்டும் தொடங்கியது. 2023 முதல் கேள்வி கேட்பவர், கல்கத்தாவில் பிறந்த அமோல் ராஜன்.

விதிகள் எளிமையானவை. அணிக்கு நான்கு பேர். முதலில் வரும் கேள்விக்குத் தனியாகப் பொத்தானை அழுத்திப் பதில் சொல்ல வேண்டும். கலந்து பேசக் கூடாது. சரியென்றால் 10 புள்ளிகள். அதோடு, அந்த அணிக்கு மட்டும் மூன்று மேலதிகக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளிகள். இவற்றுக்கு நால்வரும் கலந்து பேசலாம். கேள்வி முடிவதற்கு முன்னரே அழுத்திப் பிழையாகச் சொன்னால் 5 புள்ளிகள் குறையும். உலகின் பல கல்லூரிப் போட்டிகள் இதே அடிப்படையில்தான் நடக்கின்றன.

இந்தியாவில் 1967இல் கல்கத்தாவின் தேவாலய மண்டபம் ஒன்றில் நீல் ஓ'பிரையன் நடத்தியதையே முறையான முதலாவது வினாடி வினாப் போட்டி என்பார்கள். இலங்கை வானொலியால் இந்தியா முழுவதும் புகழ்பெற்ற அமீன் சயானி, பின்னர் போர்ன்விட்டா பாடசாலை வினாடி வினாவை வானொலியில் நடத்தினார். 1985இல் தூரதர்ஷனில் சித்தார்த்த பாசு 'குவிஸ் டைம்' நிகழ்ச்சியைத் தொடங்கியதும், கல்லூரி மாணவர்கள் பதில் சொல்வதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பது ஒரு பழக்கமாகியது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் உயரமான அன்டெனா கட்டியவர்களின் வீடுகளிலும் தூரதர்ஷன் தெரிந்தது.

மலையில் கோபுரம், வன்னியில் டைனமோ

கண்டி நகரில் நின்று தெற்கே பார்த்தால் ஹந்தானை மலைத்தொடர் தெரியும். ஒலி, ஒளிபரப்புக் கோபுரங்கள் அங்கே நிற்கின்றன. கண்டியில் வளர்ந்த பிள்ளைக்குத் தொலைக்காட்சி என்பது எப்போதும் இருந்த ஒன்று. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் தொடங்கியது. அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்னர்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிந்து போயிருந்தது. பொது அறிவைத் தேடி ஒரு தலைமுறை எங்கே போயிருக்க முடியும் என்பதை இந்த இரண்டு திகதிகளையும் அருகருகே வைத்தால் புரிந்துகொள்ளலாம்.

வடக்குக்கு ஒளிபரப்பிய கொக்காவில் நிலையம் 1990இல் நடந்த சண்டையில் அழிந்தது. அதே ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின் தேசிய மின்சாரமும் நின்றது. 174 மீற்றர் உயரத்தில் புதிய கோபுரம் கொக்காவிலில் எழுந்தது 2011 ஜூன் மாதத்தில்தான். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அங்கே பிறந்து வளர்ந்தவர்களில் நானும் ஒருத்தி.

எங்களுடைய ஊர் புதுக்குடியிருப்புக்கு அருகே. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. சுற்றுவது என்னுடைய வேலை. பிபிசி தமிழோசை முடிந்ததும் அப்பா கேள்வி கேட்பார். இன்றைக்குச் செய்தியில் வந்த நாட்டின் தலைநகரம் எது? அந்த நாட்டு நாணயம் எது? பிறகு பங்கருக்குள் இருந்த இரவுகளிலும் அதையே செய்தார். ஆபிரிக்காவின் தலைநகரங்கள் எல்லாம் எனக்கு அங்கேதான் பாடமாயின. செல் விழும் சத்தத்துக்கு இடையில் "புர்கினா பாசோ?" என்பார். "ஊகடூகு" என்று தம்பி கத்துவான். எங்களைச் சிரிக்க வைக்கத்தான் அந்தப் பெயரை அவர் திரும்பத் திரும்பக் கேட்டார் என்று இப்போது நினைக்கிறேன். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

விசாரணையிலிருந்து வந்த நாற்காலி

வினாடி வினா வரலாற்றில் நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு: பில் ரைட். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையில் இருந்தவர். ஜேர்மனியர்களிடம் கைதியாகி, கெஸ்டாபோவால் விசாரிக்கப்பட்டவர். பின்னாளில் பிபிசியில் தயாரிப்பாளராக இருந்தபோது அந்த விசாரணை அனுபவத்திலிருந்தே 'மாஸ்டர்மைண்ட்' நிகழ்ச்சியை உருவாக்கினார். 1972இல் அது ஒளிபரப்பாகத் தொடங்கியது. இருட்டறை, நடுவில் ஒற்றைக் கறுப்பு நாற்காலி, முகத்தில் விழும் வெளிச்சம், இடைவிடாத கேள்விகள். கைதியிடம் கேட்கப்படும் பெயர், பதவி, இலக்கம் என்ற மூன்றும் போட்டியாளரிடம் கேட்கப்படும் பெயர், தொழில், சிறப்புப் பாடம் என்று மாறின.

மாஸ்டர்மைண்ட் இந்தியாவுக்கும் வந்தது. அதையும் சித்தார்த்த பாசுவே நடத்தினார். பார்ப்பவர்களுக்கு அந்த நாற்காலி விறுவிறுப்பான ஒரு விளையாட்டு. எங்களில் பலருக்கு அந்த நாற்காலி வேறு. பெயர் என்ன, சொந்த இடம் எது, அடையாள அட்டை எங்கே, எங்கேயிருந்து வாறாய், யாரிடம் போறாய்? சோதனைச்சாவடியில் இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில்தான் சில வேளைகளில் ஆபத்தானது. கிளிநொச்சி என்ற உண்மையைச் சொன்னால் இறக்கி நிறுத்துவார்கள். தெரிந்ததைத் தெரியாது என்று சொல்வதும், கேட்டதற்கு மேல் ஒரு சொல் பேசாமல் இருப்பதும், முந்திக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பதும் உயிர்காத்த பழக்கங்கள். வினாடி வினா மேடை கேட்பதோ நேர் எதிரான பழக்கங்களை. முந்திக்கொள், உரக்கச் சொல், தெரியாவிட்டாலும் ஊகித்துச் சொல்.

ஒரு சொல்லைப் பாருங்கள். மாஸ்டர்மைண்டில் பதில் தெரியாவிட்டால் "பாஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். எங்களுடைய வாழ்க்கையில் பாஸ் என்பது வரிசையில் நின்று, யாருடைய பெயரையோ பிணையாகக் கொடுத்து, ஊரைவிட்டு வெளியேற எடுக்கும் துண்டு. வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு தரப்பினர் அதைத் தந்தார்கள், மறுத்தார்கள். "பாஸ்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகக்கூடிய ஓர் இடம் இருக்கிறது என்பதை நம்பவே எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது.

2011, கலையகம்

2009 மே மாதத்துக்குப் பிறகு எங்களைக் கொண்டுபோய் விட்ட இடம் செட்டிகுளம் மெனிக் பாம். உயர்தரப் பரீட்சையை அந்த ஆண்டு ஓகஸ்டில் முகாமிலிருந்தே எழுதினேன். பல்கலைக்கழக அனுமதி கிடைத்ததும், சித்தி இருந்த கட்டுகஸ்தோட்டைக்கு வந்தேன். அம்மாவுக்கும் தம்பிக்கும் ஊர் திரும்ப அனுமதி வரவில்லை. அவர்கள் முகாமிலேயே இருந்தார்கள். நான் ஊடகக் கற்கை படித்துக்கொண்டிருந்தேன். எங்களுடைய அணி ஒரு தொலைக்காட்சிப் போட்டிக்குத் தெரிவானது.

ஒளிப்பதிவு நாள் எப்படி இருக்கும் என்று வெளியே யாரும் சொல்வதில்லை. காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். ஒரே நாளில் பல சுற்றுகளை எடுப்பார்கள். ஒவ்வொரு சுற்றும் வேறு நாளில் நடந்ததுபோல் தெரிய வேண்டும் என்பதால், அடுத்த சுற்றுக்குப் போகும் அணி உடை மாற்ற வேண்டும். ஆளுக்கு மூன்று உடுப்பு கொண்டுவரச் சொன்னார்கள். என்னிடம் நல்லதென்று இருந்தவை இரண்டு. மூன்றாவது சித்தியின் மகளுடையது. நெற்றியில் பவுடர், சட்டைக்குள் மைக் வயர், கண்ணைக் கூசும் விளக்கு. கைதட்டச் சொல்லும்போது தட்டுவதற்கு ஒரு கூட்டம். ஒளிபரப்பாகும்வரை முடிவை வெளியில் சொல்ல மாட்டோம் என்று ஒரு தாளில் கையெழுத்து.

தொடங்குவதற்கு முன்னர் அங்கிருந்த ஒருவர் எங்களுடைய விவரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னுடைய பாடசாலையின் பெயரைக் கண்டதும் நின்றார். "வன்னியா? முகாமில் இருந்தீர்களா? அறிமுகத்தில் அதைக் கொஞ்சம் சொல்லுங்கள். நேயர்களுக்குப் பிடிக்கும்" என்றார். கெட்ட மனதோடு சொன்னதாக நினைக்கவில்லை. அவருக்கு ஒரு நல்ல நிகழ்ச்சி வேண்டும். கெமரா ஓடத் தொடங்கியதும், சொந்த இடம் எது என்று தொகுப்பாளர் கேட்டார். நான் "கட்டுகஸ்தோட்டை" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு என்னால் விளையாட முடியவில்லை. பொத்தானில் கை இருந்தது. அழுத்தினால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், பொய் தெரிந்துவிடும் என்ற நினைப்புத்தான் மனதில் இருந்தது. ஏழாவதோ எட்டாவதோ கேள்வி: "1911இல் படித்த இலங்கையருக்கான ஆசனத்துக்குத் தேர்தல் மூலம் சட்டசபைக்குத் தெரிவானவர் யார்?" எனக்குப் பதில் தெரியும். சேர் பொன்னம்பலம் இராமநாதன். ஆனால் இராமநாதன் என்ற பெயர் மனதில் வந்ததும் எனக்குத் தெரிந்தது தண்ணீர் வரிசையும் முள்ளுக்கம்பியும்தான். நாங்கள் இருந்த வலயத்தின் பெயர் அது. எதிரணி அழுத்தியது. சரியான பதில். பத்துப் புள்ளிகளால் நாங்கள் தோற்றோம்.

நான்கு பெயர்கள்

மெனிக் பாமின் வலயங்களுக்கு வைத்த பெயர்கள் நம்மில் பலருக்கு மறக்காது. கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம். நான்கும் வினாடி வினா அட்டைகளில் அடிக்கடி வரும் பெயர்கள். நான்கையும் கண்டியோடு தொடர்புபடுத்த முடியும்.

அருணாசலம் (1853–1924), இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இலேயே சங்கம் அமைத்து வாதாடியவர். அவர் மறைந்து 18 ஆண்டுகளின் பின், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. பிறகு பேராதனைக்கு வந்தது. அங்கே ஒரு விடுதிக்கு அவருடைய பெயர். இன்னொன்றுக்கு அவருடைய அண்ணன் இராமநாதனின் (1851–1930) பெயர். அவர்களுடைய உறவினர் ஆனந்த குமாரசுவாமி (1877–1947) கண்டிய கைவினைஞர்களின் கலையை ஆராய்ந்து 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி எழுதிய பெருநூல் இன்றும் அந்தத் துறையில் முதலில் குறிப்பிடப்படுவது. 2005 ஓகஸ்ட் 12இல் சுட்டுக்கொல்லப்பட்ட வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர், கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர்.

பேராதனையில் அருணாசலம் என்றால் மாணவர் விடுதி. செட்டிகுளத்தில் அருணாசலம் என்றால் கூடாரங்கள். மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஆனால் அங்கே மூன்று, நான்கு வயதில் இருந்த பிள்ளைகள் இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். கட்டுக்கலை மாடி அறையில் அன்றைய கேள்விக்கு விளக்கு எரியாமல் போனதை நான் இப்படித்தான் விளங்கிக்கொண்டேன். அந்தப் பிள்ளைக்கு விடை தெரியாமல் இல்லை. ஒரே பெயருக்கு அவரிடம் இரண்டு விடைகள் இருந்தன. அட்டையில் ஒன்றுதான் எழுதியிருக்கிறது.

அட்டையில் யாருடைய பெயர்?

வினாடி வினாவின் பலமும் பலவீனமும் இதுதான்: ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே பதில், அதுவும் பெரும்பாலும் ஒரு பெயர். கண்டி மாவட்டத்தில் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் வணிக நோக்கில் தேயிலை பயிரிட்டவர் யார்? ஜேம்ஸ் டெய்லர். ஹட்டன் மாணவர் இதைத் தூக்கத்திலும் சொல்வார். அந்தக் கன்றுகளை நட்ட கைகள் யாருடையவை என்று எந்த அட்டையும் கேட்காது. பெயர் எழுதிவைக்கப்படாதவர்களைப் பற்றி இந்த முறையில் கேள்வி கேட்க முடியாது.

இதைத் தட்டிக்கேட்ட மாணவர்கள் உண்டு. 1975இல் யூனிவர்சிட்டி சலேஞ்சில் மன்செஸ்டர் பல்கலைக்கழக அணி, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் "சேகுவேரா", "மார்க்ஸ்", "ட்ரொட்ஸ்கி" என்றே பதில் சொன்னது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனி அணி அனுப்பலாம், மற்றப் பல்கலைக்கழகங்கள் ஒன்று மட்டுமே அனுப்பலாம் என்ற விதிக்கு எதிரான போராட்டம் அது. அந்த விதி இன்றைக்கும் மாறவில்லை. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது, அதை யாரோ எழுதினார்கள் என்பதை எல்லோரும் அன்றைக்குப் பார்த்தார்கள்.

எந்த மொழியில் கேட்கிறார்கள்?

இலங்கையில் பெரிய பரிசு, பெரிய நேயர் கூட்டம் உள்ள வினாடி வினாக்கள் சிங்களத்தில் நடக்கின்றன. 2021 ஜனவரியில் காலியைச் சேர்ந்த முஸ்லிம் மாணவி சுக்ரா முனவ்வர் 'சிரச லக்ஷபதி'யில் 20 இலட்சம் ரூபா வென்றபோது நாடே பேசியது. கொவிட் காரணமாக இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவருடைய அறிவைப் பாராட்டியவர்கள் அவருடைய சிங்களத்தையும் சேர்த்தே பாராட்டினார்கள். தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைக்கு அதே அறிவு இருந்தாலும் அந்த நாற்காலிவரை போவது கடினம்.

ஒரே பரீட்சைக்கு மொழிபார்த்து அளவுகோல் வைத்ததும் இந்த நாட்டில் நடந்ததுதான். 1971இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்களமொழி மூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதும். தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 வேண்டும். வினாடி வினாவில் அப்படி இல்லை, யார் சொன்னாலும் பத்துப் புள்ளிதான் என்று சிறுவயதில் நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அது பாதி உண்மை. கேள்வியைக் கேட்டு, மனதில் மொழிபெயர்த்து, விடையைக் கண்டு, திரும்ப மொழிபெயர்ப்பதற்குள் பொத்தான் பூட்டிக்கொள்ளும்.

தமிழிலேயே நடக்கும் போட்டிகளிலும் சிக்கல் உண்டு. எங்களுடைய பாடப்புத்தகத்தில் அது ஐதரசன், ஒட்சிசன், காபனீரொட்சைட்டு. தமிழ்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதிய அட்டையில் ஹைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு. ஆங்கிலத்திலிருந்து அவசரமாக மொழிபெயர்த்த கேள்விகளில் ஆட்களின் பெயர்களே அடையாளம் தெரியாமல் போவதுண்டு. ஏற்பாட்டாளர்கள் செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. ஏற்றுக்கொள்ளக்கூடிய எல்லா வடிவங்களையும் அட்டையிலேயே எழுதிவைத்தால் போதும்.

போட்டியாளருக்காக முறையை மாற்றினால் தரம் குறையும் என்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. 2020 ஜனவரியில் தமிழ்நாட்டில் ராதிகா நடத்திய 'கோடீஸ்வரி' நிகழ்ச்சியில் ஒரு கோடி ரூபாய் வென்றவர் மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா. பிறவியிலேயே கேட்கவும் பேசவும் முடியாதவர். அவர் பதில் தெரிவிக்கும் வழியைத்தான் மாற்றினார்கள். கேள்விகளின் கடினம் அப்படியே இருந்தது.

தயாராகிறவர்களுக்கு

கட்டுக்கலை ஆசிரியரிடம் பார்த்ததையும் என் அனுபவத்தையும் சேர்த்து, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சில குறிப்புகள்.

ஆயத்தப் புத்தகங்களை மனப்பாடம் செய்வதைவிட, நீங்களே அட்டை எழுதுங்கள். ஒரு நாளைக்குப் பத்து. கேள்வி ஒரு பக்கம், விடை மறுபக்கம். ஒருவருக்கொருவர் அட்டை மாற்றிக் கேளுங்கள். கேள்வி எழுதப் பழகியவருக்குக் கேள்வி எந்தப் பக்கம் போகிறது என்று பாதியிலேயே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு பெயரையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். நாடு தழுவிய போட்டிகளில் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

பாடங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். நால்வரும் எல்லாவற்றையும் படிப்பது வீண். கட்டுக்கலை அணியில் விளையாட்டு மட்டக்களப்புக்கு, விஞ்ஞானம் அக்குறணைக்கு, வரலாறும் இலக்கியமும் மற்ற இருவருக்கும்.

நூலகம் கிட்டாதவர்களுக்கு இணையத்தில் வழி உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தில் ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைக் கட்டியெழுப்பியவர்களில் முன்னணியில் நிற்பவர் ஈழத்தவரான இ. மயூரநாதன். அங்கே வாசிப்பதோடு நிற்காமல், உங்களுடைய ஊரைப் பற்றி ஒரு கட்டுரையாவது எழுதுங்கள். நாளைய கேள்வி அட்டைகள் எழுதியிருப்பதிலிருந்துதான் வரும்.

இந்த உழைப்பு மேடையோடு முடிந்துவிடாது. அரச வேலைகளுக்கான போட்டிப் பரீட்சைகள் பலவற்றில் பொது அறிவு வினாத்தாள் உண்டு.

கடைசியாக, என்னிடம் யாரும் சொல்லாதது. அறிமுகத்தில் உங்களுடைய கதையைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்களுடைய உரிமை. முகாமைப் பற்றிக் கேட்டால், "நான் போட்டியைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். யாரும் இறக்கி நிறுத்த மாட்டார்கள். ஆனால் ஊரின் பெயரை மறைக்காதீர்கள். மறைத்தால் அது உங்களுடைய கையைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு நடந்தது அதுதான்.

அடுத்த சனிக்கிழமை

மறுவாரமும் கட்டுக்கலைக்குப் போனேன். இந்த முறை ஆசிரியர் விளையாட்டைக் கொஞ்சம் மாற்றியிருந்தார். முதல் பத்துக் கேள்விகளுக்கு ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு தடவை அழுத்தியே ஆக வேண்டும், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

"1821இல் தொடங்கப்பட்ட, பேராதனையில் உள்ள..." என்று அவர் வாசிக்கும்போதே கிளிநொச்சி மாணவியின் விளக்கு எரிந்தது. அறையில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"தாவரவியல் பூங்கா!" என்றார், கத்தாத குறையாக.

ஆசிரியர் அட்டையின் மிகுதியை வாசித்தார். "... பூங்காவுக்கு அருகே ஓடும் ஆறு எது என்பதுதான் கேள்வி மகள். பிழை. ஐந்து புள்ளி குறையுது."

பலகையில் அவருடைய பெயருக்கு நேரே ஐந்தைக் கழித்து எழுதினார். மட்டக்களப்பு மாணவர் மகாவலி என்று சொல்லிப் பத்தை எடுத்துக்கொண்டார். அந்தப் பிள்ளை பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார்.

ஆசிரியர் அடுத்த அட்டையை எடுத்தார். அவருடைய கை பொத்தானின் மேல் இருந்தது.